வேனிற் புலம்பலியல்

கோடையில் தமிழர் செய்யும் தொழில்கள் இரண்டு. ஒன்று புலம்புதல், மற்றது தூங்க முயல்தல். வேறு தொழில்களும் நடக்கின்றன என்று சொல்வோர் உண்டு. அவை இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட நேரத்தில் நடப்பவை ஆதலால் இந்நூலுக்குப் புறம்பு.

இவ்வளவு பெரிய பொருளுக்கு இதுவரை ஓர் இலக்கணம் இல்லாமல் போனது தொல்காப்பியர் மேல் நாம் வைக்கக்கூடிய நியாயமான குறை. கருவிகள் எல்லாம் அவர் கையில் இருந்தன. மெய்ப்பாட்டியலில் நகை, அழுகை முதலான எட்டைச் சொல்லி முடித்தபின், இவையும் உண்டு என்று 32 மெய்ப்பாடுகளை அடுக்குகிறார். அந்தப் பட்டியலில் துஞ்சல் இருக்கிறது, அரற்று இருக்கிறது, முனிதல் இருக்கிறது, மடிமை இருக்கிறது, வியர்த்தலும் இருக்கிறது. மே மாதத்து மத்தியானம் எந்த வீட்டுக் கூடத்தை எட்டிப் பார்த்தாலும் அங்கே நடந்துகொண்டிருப்பது இந்த ஐந்தும்தான். ஐந்தையும் ஒரே பட்டியலில் எழுதிவிட்டு, ஐந்துக்கும் மூலம் வெயில் என்று ஒரு வார்த்தை சொல்லாமல் அடுத்த நூற்பாவுக்குப் போய்விட்டார். மார்கழியில் எழுதினாரோ என்னவோ.

ஆனாலும் அரற்றுக்குப் பழைய உரை தரும் விளக்கம் நமக்கு உதவுகிறது. அழாமல், பலதும் சொல்லி, தன் குறையை எடுத்துரைப்பது என்று அது பொருள்படுகிறது. இதனோடு ஒரே ஒரு நிபந்தனையைச் சேர்த்தால் கோடைப் புலம்பலின் இலக்கணம் நிறைவாகும்: பரிகாரத்தை எதிர்பார்க்கக் கூடாது. புகாருக்கு ஓர் அலுவலகம் வேண்டும். கோரிக்கைக்கு மனு வேண்டும். சண்டைக்கு எதிராளி வேண்டும். புலம்பலுக்கு ஒரு காது போதும், அதுவும் பாதிக் காது. "என்னா வெயில்ங்க இது!" என்று ஒருவர் சொல்லும்போது "குடை எடுத்துட்டுப் போயிருக்கலாமே" என்று பதில் சொல்பவர் இலக்கணம் அறியாதவர். அவரிடம் அடுத்த வருஷம் யாரும் புலம்ப மாட்டார்கள். முறையான மறுமொழி "ஆமாங்க, இந்த வருஷம் ரொம்ப ஓவர்" என்பதே.

இனி இந்நூலின் துணிபு. கோடைப் புலம்பல் எதுவானாலும் சரி, கரண்ட்டைப் பற்றியோ, கொசுவைப் பற்றியோ, மைத்துனர் குடும்பம் வந்திறங்கியதைப் பற்றியோ, கொஞ்சம் தோண்டினால் அடியில் கிடப்பது "என்னைத் தூங்க விடுங்க" என்பதுதான். மேலே சொல்லப்படுவதெல்லாம் அதன் உருபுகள்.

காலமும் இடமும்

பாலைக்குரிய பெரும்பொழுது வேனில், சிறுபொழுது நண்பகல். அதுவரை சரி. ஆனால் ஆறு பெரும்பொழுதுக்கும் மாதம் பிரித்துக் கொடுத்தபோது சித்திரையையும் வைகாசியையும் இளவேனிலில் வைத்துவிட்டார்கள். முதுவேனில் என்பது ஆனியும் ஆடியும். அதாவது கத்திரி வெயில் முழுவதும், ரோட்டுத் தார் இளகிச் செருப்பைப் பிடித்து இழுக்கிற அந்த நாட்கள் முழுவதும், இலக்கணப்படி இளவேனில். தென்றல் வீசும், குயில் கூவும், மன்மதன் கரும்பு வில்லோடு புறப்படுவான். மே மாதம் 15ஆம் தேதி மத்தியானம் வேலூர்ப் பேருந்து நிலையத்தில் நிற்பவர் ஒருவரிடம் போய் "ஐயா, இது இளவேனில்" என்று சொல்லிப் பார்க்கலாம். சொன்னவர் முழுசாகத் திரும்பினால் இந்தப் பகுதியை நீக்கிவிடத் தயார். முதுவேனில் எனப்பட்ட ஆடியிலோ காற்று அம்மியைத் தூக்குகிறது.

பஞ்சாங்கம் இதைவிட நேர்மையாக நடந்துகொண்டது. கிருத்திகைக்கு அதிதேவதை அக்கினி. பரணி மூன்றாம் பாதம் தொடங்கி, கிருத்திகை நான்கு பாதங்களையும் கடந்து, ரோகிணி முதல் பாதம் வரை சூரியன் நடக்கும் காலம் அக்கினி நட்சத்திரம். ஆங்கிலத் தேதியில் சுமார் மே 4 முதல் 28 வரை. சிவன் கோயில்களில் லிங்கத்துக்கு மேலே தாரா பாத்திரத்தைக் கட்டிச் சொட்டுச் சொட்டாக நீர் விழச் செய்யும் காலம் இதுவே. மதுரையில் திருமலை நாயக்கர் வசந்த விழாவுக்கென்று புதுமண்டபத்தைக் கட்டி, சுற்றிலும் தண்ணீர் நிற்கும் அகழி போட்டார். சாமிக்கே இவ்வளவு ஏற்பாடு தேவைப்பட்டிருக்கிறது என்பதைப் புலம்பலை மட்டம் தட்டுவோர் கவனிக்க.

வானிலை ஆய்வு மையம் கத்திரியை ஒப்புக்கொள்வதில்லை. அதன் கணக்கில் சமவெளியில் 40 டிகிரியாவது தொட வேண்டும், கடலோரத்தில் 37 டிகிரி. அத்துடன் அந்த நாளின் இயல்பைவிட 4.5 டிகிரியாவது கூடியிருந்தால் வெப்ப அலை. இரு கட்சிகளும் நேருக்கு நேர் மோதிக்கொண்ட நாள் 2003 மே 31. அன்று நுங்கம்பாக்கத்தில் பதிவானது 45 டிகிரி. பஞ்சாங்கப்படி கத்திரி விடைபெற்று மோர் குடித்துப் போயாயிற்று.

மூன்றாவதாக ஓர் அளவுகோல் உண்டு. ஆய்வாளர்கள் இதைக் கவனித்ததே இல்லை. வெளியே போய் வந்தவர் வாசற்படியில் செருப்பைக் கழற்றும்போது விடுகிற "உஸ்" என்ற ஒலியே அது. ஒரு மாத்திரை என்றால் தாங்கக்கூடிய வெயில். இரண்டு மாத்திரை என்றால் தண்ணீர் கொண்டுவரச் சொல்கிறார். "உஸ்ஸ்ஸ்ஸ்" என்று நீண்டு, தோள்துண்டு கழுத்தைச் சுற்றி வந்து, "அப்பாடா"வில் முடிந்தால் அன்றைக்குச் சதம். ஒற்றளபெடைக்கு நன்னூலார் அனுமதித்த மெய்களில் ஸகரம் இல்லையே என்று புலவர்கள் கேட்கலாம். வெயிலுக்கு வடவெழுத்துப் பேதம் கிடையாது.

இடத்தைப் பற்றி ஒரு குறிப்பு. பாலை என்று தனியாக ஒரு நிலம் இல்லை. முல்லையும் குறிஞ்சியும் வெயிலில் தன்மை கெட்டுத் திரிந்தால் அதுவே பாலை என்பது சிலப்பதிகாரக் கொள்கை. வீட்டுக்கும் இது அப்படியே பொருந்தும். கூடம் முல்லை, படுக்கையறை குறிஞ்சி. பதினொரு மணிக்கு மேல் இரண்டும் திரிந்து பாலையாகிவிடும். சமையலறை மட்டும் பன்னிரண்டு மாதமும் பாலை. அங்கே நிற்பவரின் புலம்பலுக்குத் தனி நூல் வேண்டும். எழுதும் தகுதி அவருக்குத்தான் உண்டு, அவருக்கோ நேரம் இல்லை.

புலம்பல் வகை

முதலாவது ஒப்புமைப் புலம்பல். "போன வருஷம் இப்படி இல்ல" என்பது இதன் வாய்பாடு. ஆண்டுதோறும், அதே ஆளால், அதே திண்ணையில், அதே அழுத்தத்தோடு சொல்லப்படும். உலகம் சூடாகிறது என்பது உண்மை. அறிவியலாளர்கள் அதைப் பல பத்தாண்டுச் சராசரிகளில் காண்கிறார்கள். நம்மவர் முதுகில் காண்கிறார். ஆனால் இந்த வாய்பாட்டை நம்பிப் பின்னோக்கிக் கணக்குப் போட்டால் தாத்தா காலத்தில் தஞ்சாவூரில் பனி பெய்திருக்க வேண்டும். "எங்க காலத்துல வெயிலே கிடையாது" என்று சொல்லும் பெரியவர்களை மெரினாவுக்கு அழைத்துப்போய், இன்று விவேகானந்தர் இல்லமாக நிற்கும் கட்டடத்தைக் காட்டலாம். 1842இல் அது ஐஸ் ஹவுஸ். அமெரிக்காவில் உறைந்த ஏரியை அறுத்துப் பாளமாக்கி, மரத்தூளில் பொதிந்து, மாதக்கணக்கில் கப்பலில் ஏற்றிக்கொண்டுவந்து அங்கே வைத்தார்கள். வெயிலே இல்லாத ஊருக்கு எவனாவது ஐஸ் விற்க வருவானா?

இரண்டாவது ஊர்ப் புலம்பல். வடிவத்தில் குறை, உள்ளடக்கத்தில் பெருமை. ரயிலில் ஒரு வேலூர்க்காரரும் ஒரு சென்னைக்காரரும் எதிரெதிரே உட்கார்ந்தால் காட்பாடி தாண்டுவதற்குள் இது தொடங்கிவிடும்.

"எங்க ஊர்ல வெயில்னா அது வெயில் சார். உங்க ஊர்ல என்ன, வெறும் வேர்வைதானே."

"நீங்க ஒரு நாள் எங்க ஊர்ல வேர்த்துப் பாருங்க, அப்பத் தெரியும்."

இருவர் சொல்வதும் சரி. உள்மாவட்டத்தில் காற்று வறண்டது, வியர்த்ததும் காய்ந்துவிடும். காயும்போது உடம்புச் சூட்டைக் கொஞ்சம் எடுத்துக்கொண்டு போகும். கடலோரத்தில் காற்றே ஈரம் என்பதால் வியர்வை போக இடமில்லாமல் முதுகிலேயே குடியிருக்கும். சென்னைக்குள்ள ஒரே ஆறுதல் மத்தியானத்துக் கடல் காற்று. மேற்கிலிருந்து வரும் அனல் காற்று பலமாக வீசினால் அதைக் கரையேற விடாமல் தடுத்துவிடும். "இன்னைக்கு பீச் காத்து லேட்டு" என்று மின்சார ரயிலுக்குச் சொல்வதுபோலவே சொல்வார்கள்.

வழக்கைத் தீர்ப்பது சாயங்காலத் தொலைக்காட்சிச் செய்தி. "இன்று சதமடித்த ஊர்கள்" என்று ஒரு பட்டியல் ஓடும். பள்ளிக்கூடத்தில் செல்சியஸ், காய்ச்சலுக்கும் வெயிலுக்கும் மட்டும் ஃபாரன்ஹீட் என்ற கொள்கையின் சூட்சுமம் இங்கேதான் இருக்கிறது. 37.8 அடித்தார் என்றால் யார் கைதட்டுவார்கள்? 100 என்றால் மட்டையை உயர்த்தலாம். கரூர் பரமத்தி இந்த ஆட்டத்தில் பழைய கை. வேலூர், திருச்சி, மதுரை விமான நிலையம் எல்லாம் தொடர்ந்து ஆடுபவை. இந்தப் பட்டியலில் தன் ஊர் பெயர் வராத அன்று ஒருவர் அடையும் மனவருத்தத்தை நேரில் பார்க்க வேண்டும். "99 புள்ளி சொச்சமாம்! மெஷின் சரியில்லைங்க" என்பார். நாளெல்லாம் வெயிலைத் திட்டியவர், சாயங்காலம் அதே வெயிலுக்கு நியாயம் கேட்டு நிற்கிறார். புலம்பல் பரிகாரம் தேடாது என்ற நம் கொள்கைக்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

மூன்றாவது மின்புலம்பல். கரண்ட் போன கணத்தில் வீட்டில் உள்ள எல்லாரும் ஒரே குரலில் "ச்சே" என்பது இதன் தொடக்கம். அடுத்து ஒருவர் ஜன்னலுக்குப் போவார். அவர் பார்க்கப் போவது வானத்தை அல்ல, எதிர் வீட்டை. "எதிர்ல இருக்கா?" என்ற கேள்விக்கு "அங்கயும் இல்ல" என்று பதில் வந்தால் கூடத்தில் ஒரு சாந்தி பரவும். ஃபேன் நின்றது நின்றதுதான், வியர்ப்பது வியர்ப்பதுதான், ஆனால் மனம் குளிர்ந்துவிடும். "அங்க இருக்கு" என்றால் புலம்பல் உடனே இரட்டிக்கும். மெயின் பெட்டி திறக்கப்படும். ஃப்யூஸ் கட்டையைக் கையில் வைத்துக்கொண்டு வீட்டுக்காரர் ஒரு விஞ்ஞானியின் முகத்தோடு நிற்பார். பக்கத்து வீட்டிலும் கரண்ட் இல்லாமை என்பது தமிழ்நாட்டின் மலிவான குளிர்சாதனம். அரசு இதைப் பற்றி யோசிக்கலாம்.

இதன் கிளைவகை ஏசிப் புலம்பல். 2020 ஜனவரி முதல் புதிதாக விற்கும் ஏசிகள் போட்டவுடன் 24 டிகிரியில் நிற்க வேண்டும் என்று விதி. எந்த வீட்டிலும் அது அந்த 24இல் நின்றதாகச் செய்தி இல்லை. ஒருவர் 20 வைப்பார். அவர் கண் அயர்ந்ததும் இன்னொருவர் 27 வைப்பார். ரிமோட் எந்தத் தலையணைக்கு அடியில் கிடக்கிறதோ அந்தத் தலையணைக்கு உரியவரே அந்த இரவுக்கு அரசர். மூன்றாமவர் ஒருவர் உண்டு. அவர் டிகிரியைப் பார்ப்பதில்லை, மீட்டரைப் பார்க்கிறார். இரண்டு மாதக் கணக்கில் முதல் 100 யூனிட் இலவசம் என்பதில் தொடங்கும் அவர் மகிழ்ச்சி, 500ஐத் தாண்டினால் கட்டணப் பட்டியலே மாறிவிடும் என்ற இடத்தில் முடிகிறது. ஏப்ரல் கடைசியிலேயே "478 ஆச்சு" என்று அறிவிப்பார். அப்புறம் அந்த வீட்டில் யாருக்கும் குளிர்வதில்லை, ஏசி ஓடினாலும்.

நீர்ப் புலம்பலுக்கு ஒரு வரி போதும்: மொட்டை மாடித் தொட்டியிலிருந்து பகல் இரண்டு மணிக்கு வருவது வெந்நீர், அதுவும் கேட்காதபோது. கொசுப் புலம்பல், வேர்க்குருப் புலம்பல், மாம்பழம் புளிப்பு என்ற புலம்பல் ஆகியவை எல்லாரும் அறிந்தவை. விருந்தினர் புலம்பலை எழுதினால் விருந்தினரும் படிப்பார்கள். பிள்ளைப் புலம்பலைத் தொடாமல் போக முடியாது. "எப்பத்தான் ஸ்கூலைத் திறப்பாங்களோ" என்பது அம்மாக்களின் வாய்பாடு. 2023இல் ஜூன் தொடக்கத்தில் திறக்க வேண்டிய பள்ளிகளை வெயிலைக் காரணம் காட்டி 7ஆம் தேதிக்குத் தள்ளினார்கள். அப்புறம் பெரிய வகுப்புகளுக்கு 12, சின்ன வகுப்புகளுக்கு 14 என்று மறுபடியும் தள்ளினார்கள். அந்த இரண்டாவது அறிவிப்பு வந்த சாயங்காலம் குழந்தைகள் எழுப்பிய ஆரவாரத்தில் தாய்மார்களின் பெருமூச்சு கேட்காமல் போனது. தொல்காப்பியர் பட்டியலில் அதற்கும் இடம் உண்டு. உயிர்ப்பு என்று பெயர்.

எல்லா விதிக்கும் எதிர்க்கட்சி ஒன்று இருக்கும். வடாம் போடுகிறவர்களே அது. விடியற்காலையில் கூழ் கிளறி, பச்சை மிளகாயும் உப்பும் எலுமிச்சையும் பார்த்து, மாடியில் பழைய வேட்டியை விரித்து நாலு மூலைக்கும் செங்கல் வைத்து, வெயில் ஏறுமுன் பிழிந்து முடிக்கிறவர் அண்ணாந்து பார்த்துச் சொல்வது "நல்லா அடிக்கட்டும்". காக்காய்க்குக் காவல் பேரன். கூலி, பாதி காய்ந்த வடாம். உள்ளே வெந்த மாவின் மெத்தென்ற பதமும் மேலே காய்ந்த மொறுமொறுப்பும் ஒன்றாகச் சேர்ந்த அந்தப் பாதிக் காய்ச்சலுக்கு ஈடாக முழுசாகப் பொரித்த வடாம் வராது. இது இந்நூலாசிரியர் முடிபு, விவாதத்துக்கு இடமில்லை. மூன்று மணிக்கு ஒரு மேகம் வந்து மறைத்தால் தெருவெல்லாம் "அப்பாடா" என்கிறது. மாடியில் ஒரு குரல் மட்டும் "பாழாப் போற மேகம், இன்னைக்குன்னு பாத்து வருது" என்கிறது. தூத்துக்குடி உப்பளத்திலும் இதே கட்சிதான். வெயில் காய்ந்தால் உப்பு. ஒரு கோடை மழை வந்தால் பாத்தியில் பூத்தது கரைந்து போகும். அங்கே உழைக்கிறவர்கள் அந்த வெயிலை வேண்டிக்கொண்டே அதில் வேகவும் வேண்டும். விடியுமுன் வேலைக்கு இறங்குவது அதனால்தான்.

துயில் வகை

கோடை முழுவதையும் தூங்கிக் கழிக்க வேண்டும் என்ற ஆசையைச் சோம்பல் என்று வகைப்படுத்துவது அறியாமை. உயிரியலில் அதற்குக் கோடை உறக்கம் என்றே பெயர். குளம் வற்றும்போது நம்மூர் நத்தை சேற்றுக்குள் இறங்கி, மூடியால் வாயை இறுக அடைத்துக்கொண்டு, மழை வரும்வரை கிடக்கிறது. ஆப்பிரிக்காவின் நுரையீரல் மீன் இன்னும் ஒரு படி மேல். மண்ணுக்குள் சுருண்டு, தன் உடம்பிலிருந்து வழியும் கோழையையே உறையாகக் காயவைத்துக்கொண்டு, தண்ணீர் வராவிட்டால் ஆண்டுக்கணக்கில்கூடத் தூங்கும். யாரும் போய் "மணி நாலாச்சு, எழுந்திரு" என்பதில்லை. மீன் குலத்துக்கே நம் நாட்டில் மரியாதை அதிகம். கிழக்குக் கடலில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் போகக் கூடாது என்று அரசாணை. இனப்பெருக்கத்துக்காக என்று காரணம் சொல்கிறார்கள். எப்படிப் பார்த்தாலும் கோடை விடுமுறை கோடை விடுமுறைதான்.

மனிதரில் இந்த உரிமை சிலருக்குக் கிடைத்திருக்கிறது. உயர் நீதிமன்றத்துக்கு மே மாதம் விடுமுறை. வெள்ளைக்காரர் காலத்தில் சென்னை மாகாண அரசு கோப்பு, குமாஸ்தா சகிதம் மூட்டை கட்டிக்கொண்டு மாதக்கணக்கில் ஊட்டிக்குப் போய் உட்கார்ந்தது. ஊட்டிதான் கோடைத் தலைநகர். கீழே வெந்துகொண்டிருந்த பத்திரிகைகள் வருஷா வருஷம் இதைக் கண்டித்து எழுதின. அவற்றைப் புலம்பல் இலக்கியத்தின் முன்னோடிகளாகக் கொள்ளலாம்.

மற்றவர்களுக்குச் சாத்திரங்கள் ஒத்துழைக்கவில்லை. வள்ளுவர் மடியின்மைக்கு ஓர் அதிகாரமே ஒதுக்கி, கெட்டுப்போகிறவர்கள் விரும்பும் நான்கில் துயிலையும் ஒன்றாக எண்ணினார். மே மாதத்துக்கு விலக்கு ஏதும் தரவில்லை. சித்தர் தேரையர் பகல் தூக்கம் ஆகாது என்றே சொல்லிவிட்டார். ஒரே துணை வடமொழி மருத்துவர் சரகர். பகலில் தூங்காதே என்ற பொது விதியைச் சொல்லிவிட்டு, கோடையில் இரவு குறுகியது, உடம்பு வற்றிப் போயிருக்கும், ஆகவே பகலில் தூங்கலாம் என்று விலக்கு அளித்தார். தமிழ்ப் பற்று வேறு, பாயில் படுப்பது வேறு. மே மாதம் மட்டும் இந்நூலாசிரியர் சரகர் கட்சி.

அனுமதி கிடைத்தாலும் தூக்கம் வருவதில்லை என்பதே துயிலியலின் மையச் சிக்கல். உடம்பின் உள்சூடு சற்றே இறங்கினால்தான் தூக்கம் பிடிக்கும். மாடி வீட்டின் கான்கிரீட் கூரை பகலெல்லாம் வெயிலை வாங்கி வைத்துக்கொண்டு, ராத்திரி படுத்தவர் மேல் நிதானமாகத் திருப்பித் தருகிறது. வட்டியோடு என்று சொல்வார்கள், அது மிகை. பழைய மெட்ராஸ் டெரஸ் வீடுகளில் தேக்கு உத்தரத்தின் மேல் செங்கல்லைக் குத்தாக அடுக்கிச் சுண்ணாம்புக் காரை போட்டு, கூரையை உயரத்தில் வைத்தார்கள். இப்போது கை தூக்கினால் தொட்டுவிடுகிற கூரை. ஃபேன் காற்றைக் குளிரவைப்பதில்லை, வியர்வையை உலர்த்துவதோடு அதன் வேலை முடிந்தது. கூரையை ஒட்டியிருக்கும் அனலை அள்ளிக் கீழே தள்ளுவதையும் சேவையாகக் கருதிச் செய்கிறது. மாடித் தரையில் வெள்ளைச் சுண்ணாம்பு அடிக்கிறவர்கள், சாக்கை நனைத்து விரிக்கிறவர்கள், தண்ணீர் ஊற்றி ஆவியில் இன்னும் வெந்தவர்கள் என்று மூன்று மரபுகள் இருக்கின்றன. சுண்ணாம்பு மரபே சிறந்தது.

இத்தனையும் மீறி வரும் தூக்கத்தில் பல வகை. பாய் விரித்து, ஜன்னல் திரையை நனைத்துப் போட்டு, போனை அணைத்துவிட்டுத் தூங்குவது வெளிப்படைத் தூக்கம். ஓய்வு பெற்றவர்களிடமும் கல்லூரி விடுமுறையில் வந்த பிள்ளைகளிடமும் காணப்படும். கடையில் ஷட்டரை இடுப்பளவு இறக்கிவிட்டுக் கல்லாவின் மேல் தலை சாய்ப்பது அரைக்கதவுத் தூக்கம். அலுவலகத்தில் கோப்பைத் திறந்துவைத்து நெற்றிக்குக் கை கொடுத்து உட்கார்வது சிந்தனைத் தூக்கம். "உண்ட மயக்கம்" என்று முன்ஜாமீன் வாங்கிக்கொண்டு கண் அசருவது மன்னிக்கப்பட்ட தூக்கம்.

ஆராயத் தக்கது மறுக்கப்பட்ட தூக்கம். சாய்வு நாற்காலி, மேலே ஃபேன் ஐந்தாம் நம்பரில், எதிரே தொலைக்காட்சியில் பழைய படம். அப்பாவின் கண்ணாடி மூக்கு நுனிக்கு இறங்கிவிட்டது. மடியில் ரிமோட், அதன் மேல் கை. வாய் ஒரு விரல் அகலம் திறந்திருக்கிறது. குறட்டை சீராக வருகிறது, சண்டைக் காட்சியின் சத்தத்தைவிடச் சற்றே மேலே. வீட்டில் ஒருவர் பூனை மாதிரி வந்து, விரல்களை ஒவ்வொன்றாக நீக்கி, ரிமோட்டை உருவி, டிவியை அணைக்கிறார். அந்தக் கணமே குறட்டை நிற்கிறது.

"ஏம்மா, பாத்துட்டுதானே இருக்கேன்?"

"நீங்க தூங்கிட்டீங்கப்பா."

"யாரு தூங்கினா? கண்ணை மூடிக் கேட்டுக்கிட்டிருந்தேன்."

சத்தம் இருந்தவரை தூங்கியவர், சத்தம் நின்றதும் விழிக்கிறார். கோடைத் தூக்கம் தனக்கென்று ஓர் இரைச்சலைக் கேட்கிறது. ஃபேனின் கரகரப்பு போதாதபோது பழைய படத்தைத் துணைக்கு வைத்துக்கொள்கிறது. ஏன் மறுக்கிறார் என்பதற்கு இந்நூலாசிரியர் கண்ட காரணம் ஒன்றே. பகலில் தூங்கியதை ஒப்புக்கொண்டால் "ஒரு பொட்டுத் தூக்கம் இல்ல" என்று சாயங்காலம் புலம்பும் உரிமை பறிபோய்விடும்.

தூக்கத்தைக் கலைப்போர் பட்டியலில் கூரியர் பையன், பக்கத்து வீட்டில் டைல்ஸ் அறுக்கும் மெஷின், "சார், லோன் வேணுமா" என்று கேட்கும் பெண் குரல் ஆகியோர் அடங்குவர். தலைமை இடம் பழைய இரும்பு வண்டிக்கே. ஒலிபெருக்கியில் ஒருமுறை பதிந்த குரல், பழைய இரும்பு, ஈயம், பித்தளை, பிளாஸ்டிக் என்று இரண்டரை மணிக்குத் தெருமுனையில் புகும். தள்ளிக்கொண்டு வருபவர் தலையில் ஈரத்துண்டு. அவர் வாய் பேசுவதில்லை, பெட்டிதான் பேசுகிறது. ஜன்னலைத் திறந்து கத்தப் போனவர் அந்த ஈரத்துண்டைப் பார்த்துவிட்டால் மூடிக்கொண்டு திரும்பிவிடுவார்.

அந்த ஜன்னலுக்கு வெளியே நம் வகைப்பாடு கொஞ்சம் தடுமாறுகிறது. பகல் 12 முதல் 3 வரை வெளியே போகாதீர்கள் என்று ஒவ்வொரு கோடையிலும் அரசு அறிவிக்கிறது. 2024இல் வெப்ப அலையை மாநிலப் பேரிடராகவும் அறிவித்து, அதில் இறப்பவர் குடும்பத்துக்கு நிவாரணம் உண்டு என்றார்கள். அந்த மூன்று மணி நேரத்தில்தான் கலவை மெஷின் ஓடுகிறது, சாலையில் தார் கொதிக்கிறது, சோற்றுப் பொட்டலம் வீடு வீடாகப் போகிறது. தளம் போடும் இடத்தில் சித்தாள் வேலை பார்க்கும் ஓர் அக்காவிடம் "வெயில் ரொம்பக் கொடுமைல்ல?" என்று கேட்டால் "வெயிலுன்னா அடிக்கத்தானே செய்யும்" என்று சொல்லிவிட்டுச் சட்டியைத் தலையில் ஏற்றிக்கொள்வார். முனிதலும் இல்லை, அரற்றும் இல்லை. வியர்த்தல் மட்டும் இருக்கிறது. புலம்பல், நிழல் உள்ளவர்களின் சொத்து. இதை எந்த வகையில் சேர்ப்பது என்று தெரியாமல் புறனடையில் தள்ளும் இலக்கண மரபை இந்நூலும் பின்பற்றுகிறது.

புறனடை

மேலே சொன்ன எதிலும் அடங்காத புலம்பல் ஒன்று மிச்சம் இருக்கிறது. மணி நாலு. தூங்கியவர், தூங்காதவர், தூங்கியதை மறுத்தவர் எல்லாரும் எழுந்தாயிற்று. முதுகில் பாயின் கோடு பதிந்திருக்கிறது. சுவர் சுடுகிறது, தரை சுடுகிறது, குழாய்த் தண்ணீர் சுடுகிறது. காலையிலிருந்து சூட்டைத் தவிர வேறு எதையும் திட்டாத அதே வாய், டபராவிலிருந்து டம்ளருக்கு ஒருமுறை ஆற்றி, ஒரு வாய் வைத்து, முகம் சுளித்துச் சமையலறைப் பக்கம் திரும்பிச் சொல்கிறது:

"என்னடி காப்பி இது, சூடே இல்ல!"